நீங்கள் லீவில், வீடு வேலையில்

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் யாரோ வெளிநாட்டிலிருந்து லீவில் வரப்போகிறார்கள் என்றால், லயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுவருக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். இஸ்தோப்புத் தரைக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். பக்கத்துக் காம்பராவில் இரவல் மெத்தைக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒரு பக்கம் கூடியிருக்கும். வேன்காரர் கைக்கு முற்பணம் போயிருக்கும்.

வருகிறவர் வேனை விட்டு இறங்கும்போது இதில் எதையும் பார்ப்பதில்லை. வெள்ளையடித்த வீடு மட்டுமே கண்ணில் படுகிறது. முப்பது நாள் கழித்துத் திரும்பும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அம்மாவோட உக்காந்து பேசவே நேரம் கிடைக்கல" என்கிறார். அம்மாவைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்கிறார்.

இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பில்லாமல் இல்லை. வருகிறவருக்கு அது லீவு. வீட்டாருக்கு அது வேலையும் செலவும் கூடிய மாதம். இந்த இரண்டு கணக்கையும் முன்கூட்டியே ஒன்றாக வைத்துப் பார்த்தால் லீவு நன்றாகக் கழியும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தோட்டத்து வீடுகளை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. மாத்தளை டவுனிலோ உக்குவளையிலோ கிராமத்திலோ வீடுள்ளவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வருகிறவர்கள் மூன்று வகை

முதல் வகையினர் குவைத், சவூதி, கட்டார், துபாய் என்று மத்திய கிழக்கில் வேலை செய்பவர்கள். வீட்டுவேலைக்குப் போன பெண்களும், சாரதி, காவல், கட்டட வேலைக்குப் போன ஆண்களும் இதில் அடக்கம். பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ லீவு. வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் 2024இல் நாட்டுக்கு அனுப்பிய பணம் ஏறக்குறைய 6.6 பில்லியன் அமெரிக்க டொலர். அதில் இவர்களுடைய பங்கு பெரியது.

இரண்டாம் வகையினர் கனடா, இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று குடியேறியவர்கள். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின்னர் மாத்தளையை விட்டுப் போன குடும்பங்களும் இதில் உண்டு. இவர்கள் பிள்ளைகளுடன் வருவார்கள். பிள்ளைகளுக்கு ஊர் புதிது.

மூன்றாம் வகையினரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அதன்படி நீலகிரிக்கும் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் போனவர்களில் மாத்தளைத் தோட்டத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். அண்ணன் கோத்தகிரியில், தங்கை ரத்தொட்டையில் என்று பிரிந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை இப்போது வந்துபோகத் தொடங்கியிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிய கப்பல் இவர்களுக்கு ஒரு வழி. ஆண்டுக் கடைசி மாதங்களில் கடல் மோசமானால் கப்பல் நிற்கும்; பயணச்சீட்டுக்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர்.

எந்த மாதம் வருவது?

வீடு தானாகவே வேலையை நிறுத்தும் நாட்கள் வருடத்தில் சில உண்டு. அந்த நாட்களை ஒட்டி வாருங்கள். உங்களுக்காகத் தனியாக ஒரு பண்டிகையை வீட்டார் உண்டாக்க வேண்டியதில்லை என்பது இதில் உள்ள பெரிய இலாபம்.

தீபாவளிதான் தோட்டத்தின் பெரிய பண்டிகை. புத்தாடை, ஆட்டிறைச்சி, பலகாரம், கோயில், சொந்தபந்தம் எல்லாம் அன்றைக்குத்தான். ஆனால் ஐப்பசி மழையும் அப்போதுதான். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிச் செலவுக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணம் பரிசல்ல, கடன். அடுத்து வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து அது கொஞ்சங் கொஞ்சமாகக் கழிக்கப்படும். நீங்கள் தீபாவளிக்கு வருவதானால், முற்பணம் எடுப்பதற்கு முன்பே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். எடுக்க வேண்டிய தொகையாவது குறையும்.

தைப்பொங்கல் ஒரே நாள் விழா, செலவும் குறைவு. மலையின் கிழக்குச் சரிவில் அப்போதும் வடகீழ்ப் பருவமழை இருக்கும்.

மாசி மகத்தன்று மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி நடக்கும். ஐந்து தேர்கள் நகர வீதிகளில் இழுபடும். தோட்டங்களிலிருந்து வருகிற சனத்தால் டவுன் நிறைந்துபோகும். 108 அடி இராஜகோபுரத்தின் கீழே நின்றால், பத்து வருடமாகக் காணாத ஆட்களையெல்லாம் ஒரே நாளில் கண்டுவிடலாம். மாசி மகம் முழுமதியை ஒட்டி வருவதால் பெரும்பாலும் போயா விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். மழை குறைந்த காலமும் அதுதான். முதியவர்களுடனும் சின்னப் பிள்ளைகளுடனும் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் இல்லை.

சித்திரைப் புத்தாண்டு தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான நாள் என்பதால் நாடே நிற்கும். கைவிசேடம் வாங்கவும் கொடுக்கவும் நல்ல நேரம். ஆனால் பஸ் குறையும், கடைகள் சில நாள் மூடியிருக்கும், கொழும்பில் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குத் திரும்புவதால் வீதி நெரியும். 13, 14ஆம் திகதிகளில் வந்து இறங்குவதைத் தவிர்த்து, இரண்டு நாள் முன்னதாக வாருங்கள்.

மழையைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மாத்தளை உட்பட மலை மாவட்டங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. வீதிகளும் ரயில் பாதைகளும் அறுந்தன. மழைக்காலத்தில் வருகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் புரிந்து வைத்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. "இத்தனை வருசமா இந்த லயத்துக்கு ஒன்னும் ஆகலையே" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாளின் விலை

தோட்டத்து வேலை நாட்சம்பளம். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால்தான் அன்றைக்குப் 'பேர்' விழும். அரை நாள் போனால் அரைப்பேர். பண்டிகை நாள், மே தினம் போன்ற சிலவற்றைத் தவிர, போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. ரப்பர் பால்வெட்டும் இப்படித்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை.

2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் மேலும் 200 ரூபா தருவதாக அறிவித்தார்கள். கூட்டினால் 1,750. இப்போது கணக்குப் போடுங்கள். நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று அம்மா பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. பழைய கணக்கில் 13,500 ரூபா போயிற்று, புதிய கணக்கில் 17,500. அண்ணனும் மதினியும் சேர்ந்து நின்றால் மும்மடங்கு. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள்.

ஆகையால் வரும் முன்பே தொலைபேசியில் நேராகப் பேசுங்கள். "அம்மா, நான் வாரதுக்கு எல்லா நாளும் நிக்க வேணாம். எந்தெந்த நாள் நிக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கலாம். ஞாயிறு, பண்டிகை நாள், அவற்றுடன் நான்கைந்து நாள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நின்ற நாளின் சம்பளத்தை மாதக் கடைசியில் வீட்டுச் செலவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கையில் வைக்க வேண்டாம். அது கூலி கொடுத்ததுபோல் ஆகிவிடும். கடைக் கொப்பியில் உள்ள கடனை அடைத்துவிடுவது இன்னும் நாகரிகமான வழி.

மற்ற நாட்களில் அம்மா வேலைக்குப் போகட்டும். மாலையில் அவர் திரும்பும்போது தேத்தண்ணி போட்டு வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பேசுவது, அவர் நாள் முழுவதும் அடுப்படியில் உங்களுக்காக வேகும் நாளில் பேசுவதைவிட அதிகமாக இருக்கும்.

கடதாசி வேலை

மத்திய கிழக்கிலிருந்து வருகிறவர்கள் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் இருக்கிறதா? திரும்பிப் போகும் அனுமதி எந்தத் திகதி வரை? சவூதியில் வெளியேறித் திரும்பும் வீசாவில் திகதி குறிப்பிட்டிருக்கும். துபாயில் ஆறு மாதத்துக்குமேல் வெளியே நின்றால் வதிவிட அனுமதி போய்விடும்; குவைத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்குக் கெடு அதைவிடக் குறைவு. மூன்றாவது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு. அது இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதே எஜமானிடம் திரும்பிப் போனாலும் புதுப்பிக்க வேண்டும். லீவின் கடைசி நாளுக்கு இதை விட்டுவைத்து விமான நிலையத்தில் நின்று அழுதவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வீசாவை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இரண்டு கடவுச்சீட்டையும் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைப் பிரஜையாகப் பதிய நினைப்பவர்கள், பிறப்பைத் தூதரகத்தில் பதிந்தாயிற்றா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

தோட்டத்தில் பழைய தலைமுறையின் கடதாசிகளில் பெயர்ச் சிக்கல் சாதாரணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது. லீவில் வருகிற படித்த பிள்ளைதான் இதைத் திருத்த வேண்டும் என்று வீடு காத்திருக்கும். பிரதேச செயலகத்துக்குப் போக இரண்டு வேலை நாளை முதல் வாரத்திலேயே ஒதுக்குங்கள். போயா நாளில் அரச அலுவலகமும் வங்கியும் மூடியிருக்கும். மாதத்தில் ஒரு நாள் அப்படிப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டுநாயக்கவிலிருந்து வீடு வரை

மாத்தளைக்கு வரக் கொழும்புக்குள் போக வேண்டியதில்லை. கட்டுநாயக்கவிலிருந்து மீரிகம வந்து, 2022 ஜனவரியில் திறந்த மத்திய அதிவேக வீதியில் குருநாகல் வரை போகலாம். அங்கிருந்து கலகெதர வழியாகக் கட்டுகஸ்தோட்டை. பின்பு ஏ9 வீதியில் அக்குறணை கடந்து மாத்தளை. அக்குறணை டவுனில் கடும் மழைக்கு ஆற்றுத் தண்ணீர் வீதிக்கு ஏறும். மழைநாளில் சாரதியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் கண்டிக்கு வந்து மாறலாம். கண்டிக்கும் மாத்தளைக்கும் 26 கிலோமீற்றர்தான். 1880இல் போட்ட கண்டி–மாத்தளை ரயில் பாதை வத்தேகம, உக்குவளை வழியாக வந்து மாத்தளையிலேயே முடிகிறது. பெட்டிகளோடு வரும் நாளுக்கு அது தோதல்ல. பிள்ளைகளை ஒரு நாள் கண்டிக்குக் கூட்டிப்போக நல்லது. ஓடுகிறதா என்று நிலையத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

வேன் விஷயம் தனி. உங்களைக் கூப்பிட ஒருவர் வந்தால் போதும் என்று நீங்கள் நினைப்பீர்கள். பன்னிரண்டு பேர் வந்து நிற்பார்கள். வீண் செலவு என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு வருடத்தில் கிடைக்கும் பெரிய பயணம் அதுதான். விமானத்தைக் கண்ணால் பார்ப்பதும் அன்றைக்குத்தான். வேன் கூலியை நீங்கள் கொடுத்துவிட்டு, வழியில் எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணியும் வாங்கிக் கொடுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி

பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் தவிர மற்றவர்கள் இன்னும் இதில்தான். அதில் ஏற்கெனவே ஐந்து பேர். நீங்கள் நான்கு பேராக வருகிறீர்கள். யார் எங்கே படுப்பது என்று உங்கள் காதில் விழாமல் வீட்டில் பேச்சு நடக்கும். கட்டில் உங்களுக்கு, தம்பி பக்கத்துக் காம்பராவில், அப்பா இஸ்தோப்பில் சாக்கை விரித்து.

இதற்கு எளிய வழிகள் உண்டு. டவுனில் அறை எடுத்துத் தங்கினால் வீட்டார் மனம் நோகும், உண்மை. ஆனால் நான்கு பேரும் முப்பது இரவும் காம்பராவில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று இரவும் கடைசி இரண்டு இரவும் வீட்டில் படுங்கள். இடையில் சித்தி வீடு, மாமா வீடு என்று பகிர்ந்துகொள்ளுங்கள். "பிள்ளைகளுக்கு எல்லாரையும் பழக்கணும்" என்று காரணம் சொன்னால் யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். அந்தந்த வீட்டுக்குப் போகும்போது அரிசி, பருப்பு, பால்மா வாங்கிக்கொண்டு போங்கள்.

மலசலகூடம், குளிக்கும் பீலி, தண்ணீர் வரும் நேரம் இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள். வந்து இறங்கிய பிறகு பத்து வயதுப் பிள்ளை "இங்க எப்படி இருக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், அந்தக் கேள்வி வீட்டில் பல மாதம் நிற்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். மழைக்குப் பின் டெங்கு நுளம்பு உண்டு. நுளம்பு வலை ஒன்றை வாங்கி, போகும்போது வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அம்மாவைத் தெரியாத பிள்ளை

மத்திய கிழக்கிலிருந்து வரும் தாய்மாருக்கு இதுதான் லீவின் கடினமான பகுதி. சின்னக் குழந்தைகள் உள்ள பெண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு 2013 முதல் கட்டுப்பாடு இருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை, நீங்கள் திரும்பும்போது நான்கு வயது. கைப்பேசித் திரையில் உங்கள் முகத்தை அதற்குத் தெரியும். ஆனால் நேரில் நீங்கள் வந்து நின்றால் அம்மாயியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அழ வேண்டாம், இழுக்க வேண்டாம். பிள்ளை எந்த நேரத்துக்கு எழும்பும், யார் ஊட்டினால் சாப்பிடும், எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்று அம்மாயியிடம் கேளுங்கள். முதல் வாரம் அம்மாயி செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டாம் வாரம் குளிக்க வார்ப்பதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையானால் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், பரீட்சைக்கு முந்திய மாதத்தில் லீவே எடுக்க வேண்டாம். விருந்தாளி வந்த காம்பராவில் படிக்க இடமிருக்காது.

விளையாட்டுச் சாமான் கொடுத்துப் பிள்ளையை வசப்படுத்தலாம் என்று தோன்றும். அது இரண்டு நாளைக்கு. அம்மாயியை விட்டுப் பிரித்து உங்கள் பக்கம் இழுத்துவிட்டு, முப்பதாம் நாள் விமானம் ஏறினால், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். நீங்கள் போன பிறகும் பிள்ளை அம்மாயியின் கையில்தான். அந்தக் கையைத் தளர்த்தாமல் உங்கள் கையையும் சேர்த்துக்கொள்வதே இந்த ஒரு மாதத்தில் செய்யக்கூடியது.

யார் வீட்டுக்கு முதலில்?

நீங்கள் இல்லாத காலத்தில் சாவு நடந்த வீட்டுக்கு முதலில் போங்கள். தொலைபேசியில் அழுதது கணக்கில் சேராது. வந்தவர் துக்கம் கேட்க எப்போது வருவார் என்று அந்த வீடு பார்த்துக்கொண்டிருக்கும். பரிசுப் பொருளோடு போக வேண்டாம். தேயிலை, சீனி போதும். பிறகு வயதில் மூத்தவர்கள், பிறகு நீங்கள் போனதிலிருந்து கல்யாணம், பிள்ளைப்பேறு கண்ட வீடுகள். நடக்க முடியாமல் படுத்திருக்கும் தாத்தாவை 'நாளைக்கு' என்று தள்ளாதீர்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்குமேல் போகாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, பிஸ்கட், "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று வரும். போகுமுன் சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா? சாப்பாட்டுக்கு நிற்பதாயிருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். தேத்தண்ணிக்கு மட்டுமானால் சொல்லாமல் போங்கள். சொன்னால் கோழி ஒன்று போய்விடும்.

பக்கத்துச் சிங்கள வீட்டையும் முஸ்லிம் வீட்டையும் மறக்க வேண்டாம். தீபாவளிப் பலகாரத் தட்டு அங்கே போகும். சித்திரைக்குக் கொக்கிஸும் பெருநாளைக்கு வட்டிலப்பமும் அங்கிருந்து வரும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆட்டோ பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்களாகவும் இருக்கலாம்.

பெட்டியும் பணமும்

பெட்டியைத் திறக்கும் இரவில் லயமே கூடியிருக்கும். சவர்க்காரம், சென்ட், பால்மா, போர்வை, சொக்லட். எல்லார் முன்னாலும் பிரித்தால் ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்குக் குறையும். பெயர் எழுதிய பைகளாக அங்கேயே கட்டிக்கொண்டு வாருங்கள். நினைக்காத ஆட்கள் வருவார்கள். அவர்களுக்காக ஐந்தாறு பை பெயரில்லாமல் இருக்கட்டும். பரிசாகக் கைப்பேசி கொண்டுவருகிறவர்கள், அதை இங்குள்ள வலையமைப்பில் பதிவது பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணத்தில் முதல் செலவு அடகில் இருக்கும் நகையாக இருக்கட்டும். நுண்கடன், சீட்டு, கடைக் கொப்பி என்று வீட்டுக்குள்ள கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். விருந்துக்குச் செலவழித்தது போக மிஞ்சுவதால் கடனை அடைப்போம் என்று வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. மாமா கடன் கேட்பார், மச்சான் ஆட்டோவுக்கு முற்பணம் கேட்பார். முடியும் தொகையைக் கொடுத்து, "இதைத் திருப்ப வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் முதல் நாளே முடியாது என்று சொல்லுங்கள். "பார்ப்போம்" என்று இழுத்தால் மற்ற இருபத்தொன்பது நாளும் அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது.

ஒரு நாள் வெளியே

வீட்டாருடன் ஒரே ஒரு நாள் பயணம் போங்கள். மாத்தளையில் இருந்தும் மாத்தளையைப் பார்க்காதவர்கள் அதிகம்.

டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. வாய்மொழியாக வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது இங்கேதான். ஏ9 வீதியில் இன்னும் வடக்கே நாலந்தா கெடிகே. பல்லவர் பாணியைச் சொல்லும் கல் கட்டடம். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பெயர்த்து வேறிடத்தில் அடுக்கினார்கள். ரத்தொட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை. காற்றும் பனியும் அட்டையும் தாராளம். எல்கடுவப் பக்கம் செம்புவத்தை ஏரி. சீகிரியாவும் தம்புள்ளைக் குகைகளும் இந்த மாவட்டத்தில்தான். சீகிரியாவில் வெளிநாட்டவருக்கு டொலரில் கட்டணம், உள்ளூராருக்கு ரூபாவில் சில்லறை. ஆகவே அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். அங்கே குளவிக் கூடு உண்டு, சத்தம் போடக் கூடாது. கொழுந்து மலையில் குளவிக் கொட்டு வாங்கிய அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் பிள்ளைகளுக்கு அந்த ஏ9 வீதியையே காட்டலாம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஆட்கள் காட்டுவழியே நடந்து, தம்புள்ளை கடந்து, மலைநாட்டுக்குள் நுழைந்தது இந்த மாத்தளை வழியாகத்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டானதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. ஏசி வேனில் சில மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைப் பூட்டன் எத்தனை நாள் நடந்தார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பயணச் செலவு வீணில்லை.

திரும்பும் வழியில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா வாங்குவீர்கள். வீதியோரத் தோட்டங்களில் சுற்றிக்காட்டிவிட்டு விற்கும் போத்தல்களைவிட, டவுன் கடையில் நிறுத்து வாங்குவது மலிவு. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் மறைக்காமல் எழுதிக் காட்டுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறைக்கும் போகலாம். சில வலிமாத்திரைகளும் அப்படியே. வைத்தியர் எழுதிய சிட்டை இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

திரும்பும் நாள்

கடைசி இரண்டு நாளில் எந்த வேலையும் வைக்காதீர்கள். கடைக்கும், கந்தோருக்கும், வழியனுப்பு விருந்துக்கும் அதற்கு முன்பே முடிவு கட்டுங்கள். அந்த இரண்டு நாளும் வழக்கமான சாப்பாடு போதும்: ரொட்டியும் சம்பலும், ஈரப்பலாக்காய்க் கறியும். மருந்துச் சிட்டை, வங்கிப் புத்தகம், கடன் தாள் ஆகியவற்றை அம்மாவுடன் ஒருமுறை பாருங்கள். அடுத்த லீவுக்கு உத்தேசமாக ஒரு மாதம் சொல்லுங்கள்; நிச்சயமில்லாவிட்டால் நிச்சயமில்லை என்று சொல்லுங்கள்.

விமானம் பெரும்பாலும் விடியற்காலையில். வேன் முன்னிரவிலேயே வந்துவிடும். லயமே இறங்கி வந்து வேனைச் சுற்றி நிற்கும். இம்முறை எல்லாரையும் கட்டுநாயக்க வரை அழைத்துப்போக வேண்டாம். ஒருவர் போதும். அம்மாவை வாசலிலேயே விட்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் புறப்படுங்கள். அவர் போய்க் கொஞ்சம் தூங்கட்டும். காலையில் அவருக்குப் பெரட்டு இருக்கிறது.